எழுதி வைக்காத எல்எல்சி: நியூஜெர்சியில் பங்கு சமமாகவா, போட்ட பணத்தின்படியா?

எடிசன்_மாவுக்கடை | திங்கள் இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-ல் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இட்லி தோசை மாவு அரைத்து இந்தியக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தோம். நான், என் கல்லூரி நண்பன், அவனுடைய மச்சான். நான் 60 ஆயிரம் டாலர் போட்டேன், நண்பன் 25, மச்சான் 15. அந்தப் பணத்தில்தான் இரண்டு டில்டிங் கிரைண்டர், குளிர்அறை, கிச்சன் வாடகைக்கு முன்பணம் எல்லாம். நியூஜெர்சி அரசுத் தளத்தில் 125 டாலர் கட்டி எல்எல்சி (தொழிலின் கடனுக்கு உறுப்பினரின் சொந்தச் சொத்து மாட்டாத கம்பெனி வடிவம்) பதிவு செய்தோம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆபரேட்டிங் அக்ரிமென்ட், அதாவது யாருக்கு எவ்வளவு, யார் முடிவெடுப்பது என்று உறுப்பினர்களுக்குள் போடும் ஒப்பந்தம், எழுதவில்லை. நமக்குள் என்ன எழுத்து என்று விட்டுவிட்டோம்.

இத்தனை வருஷமும் எடுத்த சின்னச் சின்னத் தொகையெல்லாம் 60-25-15 என்றுதான் பிரித்தோம். இந்த வருஷம் முதல் முறையாக 90 ஆயிரம் டாலர் பிரிக்கும் நிலை வந்திருக்கிறது. என் கணக்கில் எனக்கு 54, நண்பனுக்கு 22.5, மச்சானுக்கு 13.5. மச்சானோ ஆளுக்கு 30 என்கிறார். வாயால் சொல்லவில்லை, நியூஜெர்சி சட்டப் பிரிவை அச்செடுத்து வந்து மேசையில் வைத்தார். அதில் சமமாக என்றுதான் இருக்கிறது.

எல்எல்சிக்கு எல்லா மாநிலத்துக்கும் பொதுவான மாதிரிச் சட்டம் ஒன்று உண்டு என்று படித்தேன். ஆனால் டெலவேர் சட்டத்தைத் திறந்தால் போட்ட பணத்தின்படி என்று இருக்கிறது. பொதுவென்றால் எப்படி இரண்டு பதில் வரும்? அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கிறேன். அதற்குள் விஷயம் புரிந்தால் நல்லது. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

டல்லாஸ்காரன் | திங்கள் இரவு 11.15

கவலையே வேண்டாம் நண்பா. போட்ட பணத்தின்படிதான். நானும் இங்கே ஒரு எல்எல்சி வைத்திருக்கிறேன், எங்கள் வக்கீல் தெளிவாகச் சொன்னார். பிரின்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு_அக்கா | செவ்வாய் காலை 7.05

டல்லாஸ் தம்பி, டெக்ஸஸில் நீங்கள் சொல்வது சரி. அங்கே எழுதி வைக்காவிட்டால் ஒப்புக்கொண்ட முதலீட்டு மதிப்பின்படி பங்கு. ஆனால் அவர் இருப்பது நியூஜெர்சி. இங்கே அந்தப் பதிலை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வார்.

நான் வக்கீல் இல்லை. இந்த மாநிலத்தில் பதினெட்டு வருஷமாகச் சின்னத் தொழில்களுக்கு வரிக்கணக்கு பார்க்கிறேன். இந்தச் சண்டையை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பலர் போட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த மாதிரிச் சட்டம் என்னவென்று சொல்கிறேன். யூனிஃபார்ம் லா கமிஷன் என்று ஓர் அமைப்பு 1892-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் வக்கீல்கள், நீதிபதிகள், பேராசிரியர்கள் சம்பளமில்லாமல் கூடி, மாநிலங்கள் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளக்கூடிய சட்டங்களை எழுதித் தருகிறார்கள். எழுதித் தருவதோடு அவர்கள் வேலை முடிந்தது. சட்டமன்றம் அதை ஏற்று நிறைவேற்றினால்தான் அந்த மாநிலத்தில் அது சட்டம். எல்எல்சிக்கு முதல் மாதிரி 1994-ல் வந்தது, திருத்திய மாதிரி 2006-ல், அதன்மேல் 2013-ல் இன்னொரு சீரமைப்பு. நியூஜெர்சி 2012-ல் திருத்திய மாதிரியை ஏற்றது. 2013 மார்ச் 18 முதல் புது எல்எல்சிகளுக்கும், 2014 மார்ச் 1 முதல் பழையவை உட்பட எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். உங்களுடையது 2019, அதனால் சந்தேகமே இல்லை.

இப்போது கசப்பான செய்தி. உறுப்பினர்கள் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளவில்லை என்றால், கலைப்புக்கு முன் பிரிக்கும் பணம் சம பங்கு. மச்சான் கொண்டு வந்த தாள் பொய்யில்லை.

ஆனால் "வேறு மாதிரி ஒப்புக்கொள்ளவில்லை என்றால்" என்பதை மறுபடி படியுங்கள். இந்தச் சட்டத்தில் ஆபரேட்டிங் அக்ரிமென்ட் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாய்ப்பேச்சாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், நடந்துகொண்ட விதத்திலிருந்து புரிந்துகொள்வதாக இருக்கலாம், இவை கலந்தும் இருக்கலாம். நீங்கள் ஒப்பந்தம் எழுதவில்லை என்றீர்கள். ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது.

எல்எல்சிக்காகத் தாக்கல் செய்யும் 1065 வரிப் படிவத்தோடு, அவரவர் பங்கைக் காட்டும் கே-1 என்ற தாள் ஆளுக்கு ஒன்று வந்திருக்குமே, அதை எடுங்கள். ஜே என்ற கட்டத்தில் லாபம், நஷ்டம், முதல் மூன்றுக்கும் சதவீதம் இருக்கும். என்ன போட்டிருக்கிறது?

எடிசன்_மாவுக்கடை | செவ்வாய் மதியம் 12.30

அக்கா, ஆபீசிலிருந்து எழுதுகிறேன். ஐந்து வருஷக் கே-1-ம் பார்த்துவிட்டேன். என்னுடையதில் மூன்று வரியிலும் 60. மச்சானுடையதில் 15. அவரும் ஒவ்வொரு வருஷமும் அதை வைத்துத்தான் தன் வரியைத் தாக்கல் செய்திருக்கிறார்.

இன்னொன்றும் கிடைத்தது. 2019 ஜூன், எங்கள் மூவர் வாட்ஸ்அப் குழு. நண்பன் எழுதியது: "60-25-15, ஓகேவா?" நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன். மச்சான் "ஓகே அண்ணா, கிரைண்டர் என்னைக்கு வருது" என்று எழுதியிருக்கிறார்.

கணக்கு_அக்கா | செவ்வாய் மதியம் 12.48

குழு முழுவதையும் ஏற்றுமதி செய்து மூன்று இடத்தில் சேமியுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் படம் பிடித்தால் போதாது. முன்னும் பின்னும் பேசியது வேண்டும். எது 60-25-15, முதலா லாபமா என்று அடுத்தவர் வக்கீல் கேட்பார். ஐந்து வருஷம் அதே விகிதத்தில் பணம் எடுத்த வங்கிக் கணக்கு அதற்குப் பதில் சொல்லும்.

டல்லாஸ்காரன் | செவ்வாய் மாலை 6.20

அக்கா, மன்னிக்கவும், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். அப்படியென்றால் மாதிரிச் சட்டத்தை ஏற்ற மாநிலமா இல்லையா என்று பார்த்தால் போதுமா? ஏற்ற இடத்தில் சமம், ஏற்காத இடத்தில் பணத்தின்படி?

சட்டம்_படித்தவள் | செவ்வாய் இரவு 9.30

போதாது. நான் அதிகம் யோசித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஃப்ளோரிடாவும் திருத்திய மாதிரியை அடிப்படையாக வைத்துத்தான் 2013-ல் புதுச் சட்டம் போட்டது, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆனால் இந்த விதியை மட்டும் மாற்றிவிட்டது. அங்கே எழுதாவிட்டால் ஒப்புக்கொண்ட முதலீட்டு மதிப்பின்படி. ஒரே மாதிரியைப் பார்த்து எழுதிய இரண்டு மாநிலத்தில் இரண்டு பதில். சுமார் இருபது மாநிலங்களும் வாஷிங்டன் டிசியும் திருத்திய மாதிரியை எடுத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் தையற்காரரிடம் கொடுத்து வெட்டித் தைத்துக்கொண்டது. தென் கரோலைனா இன்னும் பழைய மாதிரியில்தான் இருக்கிறது. டெலவேர், நியூயார்க், டெக்ஸஸ் மூன்றும் பக்கமே வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்றால், மாதிரி தாமதமாக வந்தது. முதல் எல்எல்சி சட்டம் வயோமிங்கில் 1977-ல். ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனத்துக்காக வந்தது. அவர்கள் பனாமாவில் லிமிடாடா என்ற நிறுவன வடிவத்தைப் பயன்படுத்திப் பழகியவர்கள். அதே மாதிரி உள்நாட்டிலும் வேண்டும் என்று முதலில் அலாஸ்காவில் முயன்றார்கள், நடக்கவில்லை. அப்புறம் வயோமிங். 1982-ல் ஃப்ளோரிடா. அதோடு நின்றுவிட்டது, வரித்துறை இதைக் கூட்டாண்மையாகப் பார்க்குமா நிறுவனமாகப் பார்க்குமா என்று யாருக்கும் தெரியாததால். 1988-ல் வயோமிங் எல்எல்சிக்குக் கூட்டாண்மை வரி என்று வரித்துறை சொன்னதும் மடை திறந்தது. 1994-ல் கமிஷன் மாதிரியோடு வந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கனவே தங்கள் வீட்டைக் கட்டி முடித்திருந்தன. கட்டி முடித்தவரிடம் வீட்டு வரைபடம் நீட்டினால் என்ன செய்வார்?

வில்மிங்டன்_வாசகர் | புதன் காலை 8.10

சகோதரி, வரலாறு நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் தாமதமாக வந்தது குறை என்ற தொனியை ஏற்க மாட்டேன். நல்லதாகப் போயிற்று என்பேன்.

பேராசிரியர் லாரி ரிப்ஸ்டீன் தன் காலம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எல்எல்சி ஒப்பந்தத்தால் வாழும் அமைப்பு, மாநிலங்கள் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கட்டும், நல்ல விதி எதுவோ அதை மற்றவை தாமாக எடுத்துக்கொள்ளும் என்று. 1980-ல் ஒரு மாதிரியை எல்லோரும் ஏற்றிருந்தால் அன்றைய வரிப் பயத்தில் எழுதிய விதிகளே இன்றும் கழுத்தில் தொங்கும். வரித்துறைக்குப் பயந்து முப்பது வருஷ ஆயுள், ஓர் உறுப்பினர் செத்தால் கலைப்பு என்றெல்லாம் எழுதிய காலம் அது. 1997-ல் எந்த வரி வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றானதும் மாநிலங்கள் அவற்றைச் சடசடவென்று கழற்றி எறிந்தன.

டெலவேர் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு முழு மதிப்புக் கொடுப்பதே கொள்கை என்று. தன் லாபத்தைவிடக் கம்பெனியின் நலனை முன்வைக்க வேண்டும் என்ற மேலாளரின் விசுவாசக் கடமையைக்கூட ஒப்பந்தத்தில் நீக்கலாம். நல்லெண்ணத்தோடும் நேர்மையோடும் நடப்பது என்ற அடிப்படையை மட்டும் நீக்க முடியாது. வழக்கு வந்தால் ஜூரி இல்லாத சான்சரி நீதிமன்றம், இதையே தொழிலாகப் பார்க்கும் நீதிபதிகள். மாவுக்கடை நண்பர் இங்கே டெலவேரில் பதிவு செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சட்டம்_படித்தவள் | புதன் காலை 9.55

அண்ணா, ஒப்பந்தச் சுதந்திரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு. பெரிய முதலீட்டு நிதி எந்த மாநிலத்தில் பதிவு செய்தால் என்ன, நூறு பக்க ஒப்பந்தத்தோடு வரும். சட்டத்தில் இருக்கும் நிரப்பு விதி அவர்களைத் தொடவே தொடாது. எழுதாமல் விட்ட இடத்தில் சட்டம் தானாக வந்து உட்காரும் அந்த விதியைத்தான் நிரப்பு விதி என்கிறேன். அது யாரைத் தொடும்? மாவு அரைக்கிறவர், சலூன் வைக்கிறவர், மூன்று பேர் சேர்ந்து பெட்ரோல் பங்க் எடுத்தவர்கள். அவர்களுக்காகவாவது அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் அண்டை மாநிலத்துக்காரர் சொல்லும் அறிவுரை தவறாகாது. டல்லாஸ் அண்ணா சொன்னது தவறானதற்குக் காரணம் அவர் இல்லை.

டெலவேரில் பதிவு செய்தாலும் கடையும் கிரைண்டரும் நியூஜெர்சி எடிசன் ஊரில். உள்விவகாரத்துக்கு டெலவேர் சட்டம், சரி. ஆனால் நியூஜெர்சியில் வெளிமாநில எல்எல்சி என்று தனியாகப் பதிய வேண்டும், இங்கேயும் ஆண்டறிக்கை, அங்கே ஜூன் 1-க்குள் 300 டாலர் ஆண்டு வரி. மாவு விற்றுப் பிழைக்கிறவருக்கு இரண்டு வாசல் கூட்டும் வேலை.

ப்ரூக்ளின்_தமிழன் | புதன் காலை 10.20

இதையும் கேளுங்கள். நியூயார்க்கில் எல்எல்சி பதிந்தால் 120 நாளுக்குள் இரண்டு செய்தித்தாளில் ஆறு வாரம் தொடர்ந்து அறிவிப்பு போடணும். மன்ஹாட்டனில் அதற்கே ஆயிரம் டாலர் தாண்டும். எந்த மாதிரிச் சட்டத்திலும் இது கிடையாது.

கோவை_ஆடிட்டர் | புதன் இரவு 11.45

இந்தியாவிலிருந்து ஒரு வார்த்தை. நம்மவர்கள் அங்கே தடுமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே கம்பெனிச் சட்டம் ஒன்று, எல்எல்பி என்ற வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மைக்கு 2008 சட்டம் ஒன்று, இரண்டும் நாடாளுமன்றம் போட்டவை. கோயம்புத்தூரானாலும் குவாஹாட்டியானாலும் விதி ஒன்று. மாநிலம் மாறினால் கம்பெனியின் உள்விதி மாறும் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

ஆனால் எல்எல்பி சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல், லாபம், நஷ்டம் எல்லாம் சம பங்கு. 1932 கூட்டாண்மைச் சட்டத்திலும் லாபம் சமம்தான். ஆக மச்சான் காட்டிய விதி நமக்குப் புதிதில்லை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே எல்எல்பி ஒப்பந்த விவரத்தை 30 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்தே ஆகணும். யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் தீர வேண்டும். அங்கே ஆபரேட்டிங் அக்ரிமென்டை அரசு கேட்பதில்லை, அதனால் யாரும் எழுதுவதும் இல்லை.

எடிசன்_மாவுக்கடை | வியாழன் இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, எனக்கு 60 சதவீதம், அதனால் முடிவு என் கையில்தானே? இரண்டு, நண்பனும் நானும் சேர்ந்து மச்சானை வெளியேற்ற வழி இருக்கிறதா? கோபத்தில்தான் கேட்கிறேன், இருந்தாலும் தெரிந்துகொள்கிறேன்.

கணக்கு_அக்கா | வியாழன் இரவு 10.30

முதல் கேள்விக்கு இல்லை. மேலாளர் என்று யாரையும் குறிப்பிடாததால் உங்களுடையது உறுப்பினர்களே நடத்தும் எல்எல்சி. அன்றாட விஷயத்தில் தலைக்கு ஒரு ஓட்டு, பெரும்பான்மை முடிவு. வழக்கமான தொழிலுக்கு வெளியே போகும் விஷயம் என்றால் மூவரும் சம்மதிக்கணும். உங்கள் நண்பனும் அவன் மச்சானும் ஒரு பக்கம் சேர்ந்தால் 60 போட்ட நீங்கள் சிறுபான்மை. டெலவேரில் இது லாபப் பங்கின்படி, பாதிக்கு மேல் வைத்திருப்பவர் சொன்னது நடக்கும்.

இரண்டாவதற்கு, ஐஇ டெஸ்ட் எதிர் கேரல் என்ற வழக்கை வக்கீலிடம் கேளுங்கள். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், 2016. அப்படியே உங்கள் கதை மாதிரி. மூன்று உறுப்பினர், கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை. முந்தைய கம்பெனியில் தான் இழந்த கடன் பணத்துக்கு ஈடு வேண்டும் என்று மூன்றாமவர் பிடிவாதம் பிடித்தார். மற்ற இருவர் அவரை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சரி என்றன. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கருத்து வேறுபாடு இருப்பதாலோ பேச்சுவார்த்தையில் முறுக்கிக்கொண்டதாலோ ஒருவரை வெளியே தள்ள முடியாது, அவரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது நடைமுறையில் முடியாது என்ற நிலை வேண்டும் என்று சொல்லி, பார்க்க வேண்டிய ஏழு அம்சங்களைக் கொடுத்தது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, ஆனால் இப்போதைய சட்டத்திலும் அந்த வாசகம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மச்சான் அந்தத் தொழிலில் என்ன வேலை செய்கிறார்?

எடிசன்_மாவுக்கடை | வெள்ளி காலை 6.15

காலை நாலு மணிக்கு அவர்தான் கிச்சனைத் திறக்கிறார். அரிசி களைவது, உளுந்து பதம் பார்ப்பது, பனிக்காலத்தில் மாவு புளிக்காவிட்டால் அறை சூட்டை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் அவர். நண்பன் வேனில் கடைகளுக்குப் போடுகிறான். நான் ஐடி வேலை முடிந்து வந்து இரவில் பில் போடுகிறேன். மச்சானுக்குத் தனியாகச் சம்பளம் எதுவும் வைக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

சட்டம்_படித்தவள் | வெள்ளி காலை 8.40

சம விதி ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா? இந்தச் சட்டத்தில் உறுப்பினர் தன் உழைப்புக்குச் சம்பளம் கேட்க முடியாது, கலைத்து முடிக்கும் வேலைக்கு மட்டும் விதிவிலக்கு. ஒருவர் பணம் தருவார், ஒருவர் உழைப்பு தருவார், எதற்கு எவ்வளவு மதிப்பு என்று சட்டத்தால் அளக்க முடியாது, அதனால் தலைக்குச் சமம் என்ற பழைய கூட்டாண்மை மனசு அதில் இருக்கிறது. ஃப்ளோரிடா, டெலவேர் விதியில் பணத்தை எண்ணலாம், நாலு மணிக்கு எழுந்ததை எண்ண முடியாது. உங்களைப் பணத்தின் பக்கம் மட்டும் பார்த்தால் அவர் கேட்பது அநியாயம். அவர் சமையற்கட்டிலிருந்து பார்த்தால் 13.5 ஆயிரம் அநியாயம்.

வில்மிங்டன் அண்ணா, ஓர் இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எந்த மாநில விதியாலும் இதைச் சரியாகப் பிரிக்க முடியாது. எழுதித்தான் ஆகணும்.

வில்மிங்டன்_வாசகர் | வெள்ளி காலை 9.30

அதையேதான் நானும் சொல்ல வந்தேன், சகோதரி. நண்பரே, ஒன்று கவனியுங்கள். தொழிலை இழுத்து மூடினால் இந்தச் சட்டப்படி கடன்காரர்களுக்குப் போக மிஞ்சுவதில் முதலில் திருப்பித் தராத முதலீடு அவரவருக்கு, அப்புறம் மிச்சம் சமமாக. உங்கள் 60 முதலுக்கு அந்த இடத்தில் சட்டமே முன்னுரிமை தருகிறது. பேச்சுக்கு உட்காரும்போது அதைத் தொடக்கமாக வையுங்கள்.

எடிசன்_மாவுக்கடை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வாட்ஸ்அப்பையும் கே-1-ஐயும் பார்த்துவிட்டு, வழக்கு என்றால் எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, ஆனால் இரண்டு வருஷம் ஆகும், கிச்சன் மூடிவிடும் என்றார்.

நேற்று மூவரும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். மச்சான் முதல் ஒரு மணி நேரம் பேசவேயில்லை. நான்தான் ஆரம்பித்தேன், நாலு மணி வேலைக்கு இத்தனை வருஷம் ஒன்றும் தராதது என் தவறு என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் பேச்சு வந்தது. இனி மச்சானுக்கு மாதம் ஒரு நிலையான தொகை, லாபம் பிரிக்கும் முன்பே. நண்பனுக்கு வேன் ஓட்டுவதற்குத் தனியாக. எங்கள் முதல் திரும்பும் வரை 60-25-15. திரும்பிய பிறகு 40-30-30. ஓட்டு தலைக்கு ஒன்று, ஆனால் கடன் வாங்குவதற்கும் புது ஆளைச் சேர்ப்பதற்கும் மூவர் சம்மதம். வக்கீல் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டோம்.

கணக்கு_அக்கா | ஞாயிறு இரவு 8.20

ரொம்ப சந்தோஷம் தம்பி. பதினோரு பக்கத்தில் ஒருவர் விலகினால், இல்லை இறந்துபோனால் என்ன என்று இருக்கிறதா? சட்டப்படி விலகியவருக்குத் தன் பங்கை விலைக்கு வாங்கச் சொல்லும் உரிமை இப்போது நியூஜெர்சியில் இல்லை, பழைய சட்டத்தில்தான் இருந்தது. இறந்தவர் மனைவிக்குப் பிரிக்கும் பணத்தில் பங்கு வரும், ஓட்டும் வராது, நடத்தும் உரிமையும் வராது. மச்சானுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் என்று நினைக்கிறேன்.

எடிசன்_மாவுக்கடை | ஞாயிறு இரவு 8.55

இப்போது பக்கம் பக்கமாகப் பார்த்தேன் அக்கா. அது இல்லை. நாளை காலை நாலு மணிக்கு நானும் கிச்சனுக்குப் போகிறேன். அங்கேயே அவரிடம் கேட்கிறேன்.